பத்து லட்சத்து ஒன்பதில் என் கைப்பிழை

சங்கரன்கோவில்
செவ்வாய்க்கிழமை

என் சரசுவுக்கு, நாலு பேர் முன்னால் ‘மதினி’ என்று கூப்பிடாவிட்டால் இடுப்பில் கிள்ளுகிற என் சரசுவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. முன்னறையில், உன் தையல் மிஷின் இருந்த இடத்தில், கோணிச்சாக்கு சுற்றிய ஒரு கல் நிற்கிறது. அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாக்கை லேசாக விலக்கிப் பார்த்துக்கொள்கிறான். நான் நேற்றிலிருந்து புறவாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். அந்தக் கல்லைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டிய அறைக்கு உன் பெயர் வைக்கிறார்கள். நீ பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த இடம், வைக்காமல் இருப்பார்களா? அறை வாசலில் பதிக்கத்தான் இந்தக் கல். மேலே உன் பெயர். அதன் கீழே பெரிதாக 1000009. அதற்கும் கீழே, ‘ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது எனக் கண்டவர்’.

வாசகம் அண்ணன் சொன்னது. அதைத் திருத்தமாக எழுதிக் கொடுத்தது நான். ஆழமாக, அழகாகக் கொத்தியிருக்கிறார்கள் சரசு. அதுதான் பொய்யாகப் போய்விட்டது.

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கொடுக்கத் தைரியம் வருமா என்று தெரியாது. ஆனாலும் மற்றவர்களும் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்.

பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தோமே, பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். பத்து லட்சத்தைத் தாண்டி ஒரு பகா எண்ணை நாமே பிடிக்க வேண்டும் என்று உனக்கு ஒரு வெறி. 1000001 நூற்றியொன்றால் வகுபட்டுவிட்டது. ஐந்தில் முடிவது ஐந்தாலேயே போயிற்று. ஏழில் முடிவதை இருபத்தொன்பது வகுத்துவிட்டது. மிஞ்சியது இரண்டு, 1000003-உம் 1000009-உம். சின்னதாக இருக்கிறதே, மூன்றில் முடிவதை எடுப்போம் என்றேன். நீ கேட்டால்தானே?

“ஏட்டி, இதைப் பாரு. ஆயிரத்தோட வர்க்கம் பத்து லட்சம். மூணோட வர்க்கம் ஒன்பது. கூட்டினா இதுதான். மத்ததெல்லாம் மொட்டையா நிக்கி. இது தன் விலாசத்தைத் தானே எழுதி வச்சிருக்குட்டி.”

அன்றைக்கு முடிவானது. ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் எதுவும் அதை மீதியில்லாமல் வகுக்கவில்லை என்று காட்டினால் போதும். ஏனென்றால் ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரித்தால், அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள்தான் இருக்கும். இதற்கு வர்க்கமூலம் ஆயிரத்தை ஒரு மயிரிழை தாண்டி நிற்கிறது. ஆயிரத்துக்குள் பகா எண்கள் மொத்தம் 168. ஒன்று உனக்கு, அடுத்தது எனக்கு என்று பிரித்தோம். இரண்டு உனக்கு, மூன்று எனக்கு, ஐந்து உனக்கு. ஆளுக்கு எண்பத்து நாலு வகுத்தல். ஆளுக்கு ஒரு நோட்டு.

உன் கணக்கை நானும் என் கணக்கை நீயும் சரிபார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். திரும்ப முழுக்க வகுக்க யாருக்குப் பொறுமை? இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, மிஞ்சுவதை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வழி இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டோம். ஒத்துவந்தால் சிவப்பு மையில் டிக். நூற்று அறுபத்தெட்டு டிக்கும் விழுந்த அன்று நீ ஹாஸ்டல் மெஸ்ஸில் பெஞ்சு மேல் ஏறி நின்று அறிவித்தாய். வார்டன் அபராதமாக ஒரு வாரம் உன்னைத் தண்ணீர் ஊற்ற வைத்தார்.

அப்புறம் என்னைப் பார்க்க வந்துபோன அண்ணன் உன்னைப் பார்க்க வர ஆரம்பித்ததும், நீ எனக்கு மதினியானதும் ஊருக்கே தெரியும். கல்யாணத்தில் நம் ஹாஸ்டல் பிள்ளைகள் பேரில் வாழ்த்து மடல் அச்சடித்தேன் அல்லவா? ‘பத்து லட்சத்து ஒன்பதைப் போல எதனாலும் பிரிபடாமல் வாழ்க’ என்று முடித்திருந்தேன். அண்ணனுக்குக் கணக்கு வராது. ஆனால் அந்த எண்ணை அவன் விடவே இல்லை. மடலைக் கண்ணாடி போட்டு மாட்டினான். அவன் வேலை பார்க்கிற பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், “நம்ம வீட்டம்மா ஒரு நம்பர் புடிச்சிருக்கா, எந்தக் கொம்பனாலயும் வகுக்க முடியாதுவே” என்று ஆரம்பித்துவிடுவான். பிள்ளை இல்லாத வீட்டில் அது ஒரு பிள்ளை மாதிரி வளர்ந்தது.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

மைமூன் டீச்சரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு கடையநல்லூரிலிருந்து மாற்றலாகி வந்தவர், அறிவியல் எடுக்கிறார். அவர் வீட்டுக்காரர் துபாயிலிருந்து ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அகலம்தான். அமுக்கினால் பச்சையாக இலக்கங்கள் எரிகின்றன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை மேஜையில் வைத்துக்கொண்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

“எங்க மதினி நம்பரை இதுல போட்டுப் பார்க்கட்டுமா?” என்றேன். பெருமைதான், வேறென்ன? வெள்ளிக்கிழமை கல் ஏறப் போகிறது. அதற்கு முன்னால் இந்த வெளிநாட்டுப் பெட்டி நம் எண்ணிடம் தோற்பதைப் பார்க்க ஆசை.

“போடுங்க டீச்சர். பேட்டரி தீர்ந்துராம மட்டும் பாத்துக்கிடுங்க. அவுக அடுத்து வாரதுக்கு ரெண்டு வருசம் ஆவும்.”

ஏழால் வகுத்தேன், புள்ளி வைத்து நீண்டது. பதிமூன்று, பதினேழு, எல்லாவற்றுக்கும் புள்ளி வந்தது. மைமூன் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் “இதுவும் ஆவல” என்று சொல்லிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டார். மற்றவர்கள் சலித்துப்போய் நகர்ந்துவிட்டார்கள். நான் விடவில்லை. 277, 281, 283. அடுத்து 293.

3413 என்று வந்தது. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

நான் தவறாக அமுக்கியிருப்பேன் என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் 3413. “என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?” என்றார் மைமூன். பேட்டரி போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த பீரியடில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டின் பின் அட்டையில் கையால் பெருக்கிப் பார்த்தேன். 293-ஐ 3413-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நம் இரண்டு நோட்டும் ஒன்றாகக் கட்டியே இருந்தன. 293 யார் பங்கு என்று பார்க்கும்வரை எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? உன் பங்காக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் சரசு. செத்துப்போனவள் மேல் பழி விழட்டும் என்று நினைத்திருக்கிறேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வரிசையில் அது அறுபத்திரண்டாவது. என் பங்கு.

281, 293, 311 மூன்றும் ஒரே பக்கத்தில். ஓரத்தில் எண்ணெய்க் கறை. அண்ணன் முதல் தடவை ஹாஸ்டலுக்கு முறுக்கு டப்பாவோடு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் முறுக்குத் தின்றுகொண்டே உங்களைப் பார்த்துக்கொண்டே வகுத்திருக்கிறேன். 380-இல் 293 போனால் 87. நான் 78 என்று எழுதியிருக்கிறேன். எட்டும் ஏழும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. அதற்குப் பிறகு எல்லாம் சரியாகவே செய்திருக்கிறேன். மீதி 203 என்று கோடு போட்டு முடித்திருக்கிறேன்.

பக்கத்திலேயே உன் சிவப்பு டிக்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவள் பார்க்காமலே டிக் போட்டிருக்கிறாள், அண்ணன் ஞாபகத்தில் போட்டிருக்கிறாள் என்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் ஓரத்தில் பொடிப்பொடியாக உன் எழுத்து தெரிந்தது. ஐந்து, ஒன்று, ஐந்து, ஒன்று. வகுக்கும் எண், ஈவு, மீதி, நம் எண் என்று நாலின் இலக்கக் கூட்டுத்தொகையில் ஒன்பது போக மிஞ்சியவை. நீ ஒன்பதைத் தள்ளிப் பார்த்திருக்கிறாய். ஒத்துவந்திருக்கிறது. ஒத்துத்தான் வரும். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே. எந்தப் பிழை அந்தச் சோதனையில் சிக்காதோ, சரியாக அந்தப் பிழையைத்தான் நான் செய்து உன் கையில் கொடுத்திருக்கிறேன். நீ நேர்மையாகப் பார்த்தாய், நேர்மையாக டிக் போட்டாய்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். பெட்டியின் அடியில் இன்னொரு நோட்டு இருந்தது. நீ திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதம் வைத்திருந்தது. முக்கால்வாசி மருந்துப் பெயர்கள், யார் யார் பார்க்க வந்தார்கள் என்ற குறிப்பு. கடைசிப் பக்கத்தில் மட்டும் கணக்கு.

1000009-இலிருந்து 999-இன் வர்க்கத்தைக் கழித்திருக்கிறாய், 2008. பக்கத்தில், அது எதன் வர்க்கமும் இல்லை என்று ஒரு பெருக்கல் குறி. 998-க்கு 4005, பெருக்கல் குறி. 997-க்கு 6000. இப்படி ஒவ்வொரு வரியாக இறங்கியிருக்கிறாய். எதற்கு என்று எனக்குத் தெரியும். நாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். இரண்டாவது விதம் கிடைத்துவிட்டால் அது பகா எண்ணே இல்லை. தன் விலாசத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறது என்று நீ கொண்டாடினாயே, அதற்கு இன்னொரு விலாசம் உண்டா என்று தேடியிருக்கிறாய்.

ஏன் தேடினாய்? இருபது வருஷம் கழித்து, கையில் ஊசியோடு, யார் உன்னைச் சந்தேகப்படச் சொன்னார்கள்?

கடைசி வரி 973. கழித்தால் 53280. பெருக்கல் குறி. அதோடு பக்கம் முடிகிறது, நோட்டும் முடிகிறது.

நான் அடுத்த வரியைப் போட்டுப் பார்த்தேன். 972-இன் வர்க்கம் 944784. கழித்தால் 55225. அது 235-இன் வர்க்கம். ஒரே ஒரு வரி சரசு! ஒரு வரிக்கு முன்னால் நீ நின்றிருக்கிறாய். இடம் இல்லாமல் நின்றாயா? மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, அறுபத்திரண்டாவது எண் யாருடையது என்று நினைத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டாயா? எனக்கு எது தெரிந்தால் நிம்மதி என்றே தெரியவில்லை.

இன்று காலையில் தலைமையாசிரியையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

“கோமதி டீச்சர், ஏழு இலக்க நம்பரை யாரு நின்னு வகுத்துப் பார்க்கப் போறா? அதிகாரி வருவாரு, திரையை விலக்குவாரு, காப்பி குடிச்சிட்டுப் போவாரு. செத்தவளுக்குப் பெருமை செய்யிற நேரத்துல இது என்ன பேச்சு? உங்க அண்ணாச்சி முகத்தையும் கொஞ்சம் பாருங்க.”

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் என்னைத் தின்கிறது. அண்ணன் முகத்தை நான் பார்க்கிறேன். பார்க்க முடியாமல்தான் புறவாசல் வழியாகப் போகிறேன். சொன்னால் அவன் தாங்குவானா? சொல்லாவிட்டால், உன் பெயருக்குக் கீழே என் பிழை கல்லில் நிற்கும். நாளைக்கு எவளாவது ஒரு கெட்டிக்காரி வகுத்துப் பார்த்துவிட்டு, “சரஸ்வதி டீச்சருக்கு வகுத்தல் தெரியாது போல” என்று சிரிப்பாள். நீ இல்லை, பதில் சொல்ல.

வியாழக்கிழமை

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலையில் அண்ணன் ஆபீஸுக்குக் கிளம்பும்போது சாக்கை விலக்கி, கல்லில் ஒட்டியிருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அண்ணே, அது வகுபடும்.”

“எது?”

“சரசு நம்பர். 293-ஆல வகுபடுது. தப்பு என்னுது. அவ மேல ஒண்ணும் இல்ல.”

“என்னட்டி சொல்லுத? நீங்க ரெண்டு பேரும் சேந்துதான வகுபடாதுன்னு சொன்னிய?”

நோட்டை விரித்து 78-ஐக் காட்டினேன். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். புரியவில்லை என்று தெரிந்தது. எண்ணெய்க் கறையை மட்டும் விரலால் தடவினான்.

“இது என்னது?”

“நீ கொண்டு வந்த முறுக்கு.”

“அப்பம் நானும் குத்தவாளிதானா?” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சுவரில் இருந்த வாழ்த்து மடலை அண்ணாந்து பார்த்தான். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

“எத்தனை தடவ வகுபடுது?” என்று கேட்டான்.

“3413.”

“அந்த ரெண்டும்? அதுகளையாவது வகுக்க முடியுமா, முடியாதா?”

“முடியாதுண்ணே. ரெண்டையும் பார்த்துட்டேன். ரெண்டுமே பகா எண்.”

“அப்பம் வகுபடாத ரெண்டு சேந்து, இத்தனை வருசம் ஒண்ணு போல நின்னுருக்கு. அவ்வளவுதான கோமு?”

கணக்குத் தெரியாதவன் சொன்ன அந்தக் கணக்கில் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

பிறகு ஆஸ்பத்திரி நோட்டைக் காட்டினேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். “நோட்டு முடிஞ்சிட்டு, வேற ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு என்கிட்டதான் சொன்னா. மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சிக்கிட்டு, ‘இனி அவசரம் இல்ல’ன்னா.”

இனி அவசரம் இல்லை. நேற்றிலிருந்து இந்த மூன்று வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரிந்துகொண்டவள் சொல்வது போலவும் இருக்கிறது. களைத்துப்போனவள் சொல்வது போலவும் இருக்கிறது. நீ எதைச் சொன்னாய் சரசு?

கல்லை என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். தேய்த்துவிட்டு வேறு எழுதச் சொல்லலாமா, பின்பக்கம் திருப்பிக் கொத்தச் சொல்லலாமா என்றேன். அண்ணன் முழுசாக ஆபீஸ்காரனாகிவிட்டான்.

“ஃபைல்ல தப்பு வந்தா ரப்பர் வச்சு அழிக்கப்படாது. அழிச்சா வேலை போயிரும். குறுக்க ஒரே ஒரு கோடு இழுக்கணும், முன்னால உள்ளது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதணும். எழுதின ஆளு சுருக்கொப்பம் போடணும். அவ்வளவுதான். கல்லுக்கும் அதுதான் ரூல்.”

இன்று சாயங்காலம் ஆசாரி உளியோடு வீட்டுக்கே வந்தார். “நல்லா விழுந்த எழுத்தை ஏன் அண்ணாச்சி அடிக்கச் சொல்லுதிய?” என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணன், “திருத்தம்” என்று மட்டும் சொன்னான். முதல் உளி விழுந்தபோது நான் அடுப்படியில் நின்றேன். உன் பெயரில் கோடு பட்டுவிடுமோ என்று ஓடிவந்து பார்த்தேன். படவில்லை. வாசகத்துக்குக் குறுக்கே மட்டும் ஒரு நேர்க்கோடு. கீழே, 293 × 3413. அதன் பக்கத்தில் ‘கோ.’ என்று சின்னதாக என் சுருக்கொப்பம்.

தலைமையாசிரியையிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலையில் அதிகாரி திரையை விலக்கும்போது ‘கோ.’ யார் என்று யாராவது கேட்பார்கள். நான்தான் என்று சொல்லிவிடுவேன். இந்தக் கடிதமும் மலரில் வரும். அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

அந்தப் புது நோட்டை அண்ணன் பத்திரமாக வைத்திருந்தான். ஒரு எழுத்துகூட இல்லாமல் இருந்தது. முதல் வரியில் 972 என்று எழுதி, 55225 என்று கழித்து, பக்கத்தில் சிவப்பில் ஒரு டிக் போட்டேன். நீ தெரிந்து விட்டுவைத்த வரியோ, தெரியாமல் நின்ற வரியோ, அதை நான் எழுதிவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் 1000003-ஐத் தொடங்குகிறேன். இந்தத் தடவை நூற்று அறுபத்தெட்டும் நானே. ஒன்பதைத் தள்ளிப் பார்ப்பதோடு விடமாட்டேன், பதினொன்றையும் தள்ளிப் பார்ப்பேன். இலக்கம் இடம் மாறினால் பதினொன்று காட்டிக் கொடுத்துவிடும். மைமூன் டீச்சரின் கால்குலேட்டரைத் தொடமாட்டேன். அண்ணன் முறுக்கு வாங்கி வந்தால் நோட்டை மூடிவிட்டுத்தான் தின்பேன். அவசரப்படமாட்டேன் சரசு. இது சத்தியம்.

அறுபத்திரண்டாவது எண்ணை உன்னிடமிருந்து பங்கு வாங்கிக்கொண்ட
உன் நாத்தனார்,
கோமதி